பெக்கான் நானாஸுக்குப் போன அறுகோணத் தகடு

சனிக்கிழமை காலை ஏழே கால் மணி. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் புதிய ரயில் நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வண்டி ஏறினேன். தூரம் ஏறக்குறைய பத்தொன்பது மைல். மார்கழி மாதம், நான்கு நாளாக மழை விடவில்லை. ஜன்னல் பலகையை இறக்கிவிட்டுத்தான் உட்கார முடிந்தது. என்னிடம் இருந்தது ஒரு துணிப்பை. அதில் மாற்று வேட்டி, துண்டு, காத்தமுத்து எழுதிய கடிதம்.

காத்தமுத்துவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவனும் நானும் பத்தர்கள். நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலேறி வந்தவர்கள். சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைப் பட்டறையில் ஒரே குமுட்டி அடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனுமாக ஏழு வருஷம் ஊதினோம். நான்கு வருஷத்துக்கு முன் அவன் ஜொகூர் பாருவில் தனிக்கடை போடப்போவதாகச் சொன்னபோது, "அந்த ஊர்ல உனக்கு யாருடா வேலை கொடுப்பான்" என்று நான்தான் சிரித்தேன். இப்போது சிங்கப்பூரிலிருந்தே ஆட்கள் பாலம் கடந்து அவனிடம் போகிறார்கள். போன ஆவணியில் என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாள் கழுத்தில் ஒரு பதக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஜொகூர்ல செஞ்சதாம். கண்ணை எடுக்க முடியல" என்றாள். என்னிடமே சொன்னாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது கடிதம். பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் முருகன் கோயில் கட்டியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியைப் பீடத்தில் ஏற்றுகிறார்களாம். பீடத்துக்கு அடியில் வைக்கும் அறுகோணத் தகட்டைக் காத்தமுத்து செதுக்கியிருக்கிறானாம். "நீ அவசியம் வரவேண்டும், சொக்கு" என்று முடித்திருந்தான். பெருமை பேசத்தான் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அவன் கை எங்கே சறுக்கியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

எட்டேகாலுக்கு வண்டி கடற்பாலத்தில் ஏறியது. பாலம் போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. முக்கால் மைல்கூட இல்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கடல் தளும்பும்போது நீளமாகத்தான் தெரிகிறது. எதிர்க் கரையில் ஜொகூர்க் கொடி மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. காற்று ஒரு முறை அதை விரித்தபோது பிறையும் பக்கத்தில் நட்சத்திரமும் தெரிந்தன. என்னை அறியாமல் முனைகளை எண்ணினேன். ஐந்து. ஐந்தாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. ஆறு முனை எங்கள் முருகனுடையது, வேறு யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன்.

ஒன்பது மணி. காத்தமுத்துவின் கடை ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு சீனத் தையல் கடைக்கும் மலாய்க்காரர் நடத்தும் காப்பிக் கடைக்கும் நடுவில் இருந்தது. பெயர்ப் பலகையில் தமிழ், ஜாவி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்து. உள்ளே கண்ணாடி அலமாரி, அதற்குள் மின்சார விளக்கு. எங்கள் பட்டறையில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குதான். இவற்றையெல்லாம் நான் வாசலில் நின்றே கணக்கெடுத்துவிட்டேன்.

"வா சொக்கு, நனைஞ்சுட்டியா" என்று துண்டை நீட்டினான். பழைய காத்தமுத்துதான். தலை மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது.

காப்பி வந்தது. பிறகு மஞ்சள் துணியைப் பிரித்துத் தகட்டைக் காட்டினான். ஒரு சாண் சதுரச் செம்புத் தகடு. நடுவில் வட்டம். வட்டத்துக்குள் மேல் நோக்கி ஒரு முக்கோணம், கீழ் நோக்கி ஒரு முக்கோணம், ஒன்றின் மேல் ஒன்று. ஆறு மூலைகளில் ச ர வ ண ப வ என்ற ஆறு எழுத்து. நடுவில் ஓங்காரம். நான் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். நகத்தால் கோடுகளைத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஆழம் ஒன்றுபோல் இருந்தது. கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழை மிஞ்சவில்லை. குறை கிடைக்காதபோது பொறாமைக்காரனுக்கு வரும் சோர்வு இருக்கிறதே, அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அப்போது ஒரு மலாய்ப் பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். படகு வைத்திருக்கும் ஹாஜி என்று காத்தமுத்து அறிமுகம் செய்தான். அவருக்காக ஒரு வெள்ளி மோதிரத்தை எடுத்து வைத்தான். மோதிர முகப்பில் இருந்ததும் அதே இரண்டு முக்கோணங்கள். ஹாஜி அதை விரலில் போட்டுத் திருப்பிப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்றார். மலாயில் நல்லா இருக்கிறது என்று அர்த்தம்.

"இது என்ன" என்று நான் தமிழில் கேட்டேன்.

காத்தமுத்து மலாயில் அவரிடம் கேட்டு எனக்குத் திருப்பிச் சொன்னான். "சாப் நபி சுலைமான். சுலைமான் நபியோட முத்திரையாம். அந்த முத்திரை மோதிரத்தால காத்தையும் ஜின்னையும் கட்டி ஆண்டாராம். இந்த மாசம் கடல்ல காத்து மோசம், அதான் செஞ்சுக்கறாரு."

ஹாஜி போனபின் நான் அலமாரியைப் பார்த்தேன். மேல் தட்டில், பாதி மெருகு ஏற்றிய ஒரு வெள்ளிக் கிண்ணம். அதன் வயிற்றிலும் ஆறு முனை.

"அது ஒரு யூத வியாபாரியோடது. வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்போ திராட்சை ரசம் ஊத்திப் பிரார்த்தனை பண்ணுவாங்களாம். தாவீது ராஜாவோட கேடயம்னு சொல்றாரு. இன்னிக்குச் சனிக்கிழமை, வேலை பார்க்க மாட்டாங்க. நாளைக்கு மறுநாள்தான் வருவாரு."

"மூணுக்கும் ஒரே கவராயமா?"

"இருக்கறது ஒண்ணுதானே" என்று அவன் வட்டம் போடும் பித்தளைக் கவராயத்தை எடுத்து மேசையில் வைத்தான். அதில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்றே அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. காலையிலிருந்து தேடிய குறை கையில் கிடைத்துவிட்டது.

பதினொன்றரைக்கு பஸ். ஸ்கூடாய் வழியாகப் பெக்கான் நானாஸ் இருபத்தாறு மைல், ஆளுக்கு ஐம்பத்தைந்து காசு. நான் கொடுக்கப் போனபோது காத்தமுத்து முந்திக்கொண்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவர் சூசை என்ற தமிழர், பொந்தியான் பக்கத்து வேதக்காரர். பஸ் கூரையில் மூட்டைகளோடு ஒரு பெரிய மூங்கில் சட்டம் கட்டியிருந்தது. ஸ்கூடாயில் பஸ் நின்றபோது இறங்கிப் பார்த்தேன். இரண்டு முக்கோணங்கள், குறுக்கே வைத்துக் கட்டியவை.

"இது எதுக்கு அண்ணே?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் நட்சத்திரம். கலர் காகிதம் ஒட்டி உள்ளே விளக்கு வெச்சு மாதா கோயில் வாசல்ல தூக்குவோம்."

"ஆறு முனையா வெப்பீங்க?"

"அஞ்சு முனைன்னா குச்சி ஒண்ணோட ஒண்ணு ஒத்து வராது லா. போன வருஷம் கட்டிப் பார்த்தேன், கோணிக்கிச்சு. இதுன்னா ஆறே குச்சி, ரெண்டு முக்கோணம், பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்."

காத்தமுத்து ஜன்னல் வழியாக இதைக் கேட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகிற வழியெல்லாம் யார் யாரோ இதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இவனும் கேட்டவனுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துப் பெயர் வாங்குகிறான் என்று நினைத்தேன். நட்சத்திரத்துக்காகக் கோபப்படுகிறேனா, காத்தமுத்துவின் பெயருக்காகக் கோபப்படுகிறேனா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நட்சத்திரத்துக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஸ்கூடாய்க்கு அப்பால் பாதை முழுக்க ரப்பர். பெக்கான் நானாஸை நெருங்க நெருங்க நிலம் கறுத்துச் சதுப்பாகிறது. ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவில் அன்னாசி, கண் எட்டும் மட்டும் வாள் வாளாக இலைகள். மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் பழுத்த வாசனை எழுந்து பஸ்ஸை நிறைத்தது. நானாஸ் என்றால் மலாயில் அன்னாசி. ஊர்ப்பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்றேகாலுக்கு இறங்கி ஒன்றரை மைல் சேற்றில் நடந்து தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர் லயங்களின் வாசல்களில் மார்கழிக் கோலம் மழையில் பாதி கரைந்து கிடந்தது. கோடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வீரப்பன் கங்காணி எதிரே வந்து கும்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கட்டையான ஆள், மெதுவான பேச்சு. தோட்டத்தில் நூறு குடும்பங்கள் இருக்கின்றன, எல்லோரும் மூன்று நாளாக விரதம் என்றார்.

"குளிச்சிட்டு வந்து தகட்டைத் தர்றேன் கங்காணி" என்று காத்தமுத்து கிணற்றடிக்குப் போனான். நானும் கங்காணியும் தனியாக நின்றோம்.

வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனாலும் அப்போதுதான் தோன்றியது போல ஆரம்பித்தேன்.

"கங்காணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா பாவம்னு படுது. அவன் இந்தத் தகட்டைக் கீறின அதே கவராயத்தாலதான் மலாய்க்காரருக்குத் தாயத்து மோதிரம் செஞ்சிருக்கான். யூதருக்குச் சாராயக் கிண்ணம் செஞ்சிருக்கான். இன்னிக்குக் காலையில என் கண்ணால பார்த்தேன். சாமி அடியில வெக்கிற பொருள், நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்."

திராட்சை ரசம் என்று காத்தமுத்து சொன்னதைச் சாராயம் என்று மாற்றிச் சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும்.

கங்காணி கோயில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். காத்தமுத்து ஈரத் தலையோடு, திருநீறு பூசிக்கொண்டு வந்தான். கங்காணி அவனிடம் நேராகவே கேட்டார்.

"ஆமா, செஞ்சேன்" என்றான் அவன். என் பக்கம் ஒருமுறை பார்த்தான். மறுபடி கங்காணியிடம் திரும்பினான். "கங்காணி, ஒரு வட்டம் போடுங்க. அதே அளவு கவராயத்தை விரிச்ச மேனிக்கு வட்டத்து மேலேயே நடத்துங்க. ஆறே எட்டு வெச்சதும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். அஞ்சும் இல்ல, ஏழும் இல்ல. ஒண்ணு விட்டு ஒண்ணு சேர்த்தா இந்த நட்சத்திரம். மலாய்க்காரர் போட்டாலும் யூதர் போட்டாலும் இதான் வரும். யாரும் யார்கிட்டேயும் எடுக்கல. எனக்கு இதுல தப்புத் தெரியல."

"எனக்குப் புரியுது பத்தரே" என்றார் கங்காணி. "எனக்கு உங்க மேல வருத்தமும் இல்ல. ஆனா நாளைக்குத் தோட்டத்துல யாருக்காவது காய்ச்சல் வந்தாக்கூட இதைத்தான் பேசுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?" பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்களும் பத்தர்தானே. கலசத்துக்கு வாங்கினதுல செம்புத் தகடு மிச்சம் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒண்ணு வெட்டித் தர முடியுமா? உங்க கை தன்னோட கையை விட நிதானம்னு இவரே சொல்லியிருக்காரு. அதைக் கேட்டுத்தான் உங்களையும் பார்க்கணும்னு கூப்பிடச் சொன்னோம்."

நான் காத்தமுத்துவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடியாது என்று சொல்ல அப்போது இடம் இருந்தது. முடியும் என்றேன். விருந்தாளியாக வந்தவன், என்னிடம் உளி இல்லை, சுத்தி இல்லை. காத்தமுத்து, தகட்டைப் பீடத்தில் பொருத்துவதற்காக எடுத்துவந்திருந்த தன் கருவிச் சுருளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். சின்ன உளிகள், அரம், சுத்தி. கடைசியாகப் பித்தளைக் கவராயத்தை எடுத்து என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதே கவராயம். தோட்டத்தில் வேறு கவராயம் இல்லை. கங்காணி ஐந்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் அது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மெருகு போட்ட பித்தளையில் என் விரல் ஈரம் படிந்து மறைந்தது.

இரண்டரைக்கு உட்கார்ந்தேன், ஐந்தரைக்கு எழுந்தேன். சுற்றிலும் பெண்கள் பூத் தொடுத்துக்கொண்டும், ஆண்கள் பந்தல் கட்டிக்கொண்டும் என் கையைப் பார்த்தார்கள். ஏழு வருஷம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான், எல்லோரும் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பதற்கு. வட்டம் போட்டேன். கவராயத்தை நடத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது எட்டில் கவராயத்தின் முனை லேசாக வழுக்கியது. ஆறாவது எட்டு புறப்பட்ட புள்ளியில் விழாமல் ஒரு நூல் தள்ளி விழுந்தது. அழித்து மறுபடி போட்டிருக்கலாம். பந்தல் பக்கம் காத்தமுத்து நிற்பது தெரிந்தது. அவன் பார்க்கும்போது அழிக்க மனம் வரவில்லை. உளியால் கோட்டை அகலமாக்கி, அந்த ஒரு நூலை அதற்குள் புதைத்தேன்.

தகட்டைக் கங்காணி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிரமாதம்" என்று ஒருவர் சொன்னார். காத்தமுத்துவும் வந்து பார்த்தான். அவன் கண் ஒவ்வொரு மூலையாகச் சுற்றி வந்து கடைசி மூலையில் நின்றது. பிறகு, "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றான். எழுத்தை மட்டும் சொன்னான்.

ஞாயிறு காலை ஆறரை மணி. பூசாரி மந்திரம் சொல்ல, என் தகட்டைப் பீடத்தின் குழியில் வைத்து, நவதானியம் தூவி, மேலே முருகன் சிலையை இறக்கினார்கள். நூறு குடும்பமும் அரோகரா போட்டது. தூறலில் நனைந்தபடி காத்தமுத்து கூட்டத்தோடு நின்று கை கூப்பினான். எனக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவனுக்கு ஒரு தேங்காய் மூடியும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுத்தது அதுதான்.

பத்து மணி பஸ்ஸில் ஜொகூர் பாருவுக்குத் திரும்பினோம். மஞ்சள் துணியில் சுற்றிய அவன் தகடு அவன் மடியில் இருந்தது. பத்து மைல் தாண்டியதும் நான்தான் தாங்காமல் வாயைத் திறந்தேன்.

"முத்து, கவராயம் உன்னுதுதான்னு நான் சொல்லல."

"நானும் சொல்லல."

"நீ ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தகடும் நின்னு போயிருக்கும். அங்கேயே மானம் போயிருக்கும் எனக்கு."

"நின்னு போயிருந்தா அந்தச் சனம் என்ன பண்ணும்? மூணு நாளா பட்டினி கிடந்துச்சு. முருகன் தகடு இல்லாமலா உட்காருவாரு?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்த்தபடியே, "சாராயக் கிண்ணம்னு சொன்னியாமே. அதை மட்டும் சொல்லியிருக்க வேணாம். அந்த மனுசன் நல்லவரு" என்றான்.

நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். வெட்கம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது இன்னொன்று. அந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது. அதற்கும் சேர்த்து அவன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜொகூர் பாரு நிலையத்தில் அவன் வண்டி கிளம்பும் மட்டும் நின்றான். கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை.

சிங்கப்பூர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் பெக்கான் நானாஸ் முருகன் என் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்கிறேன். கேட்டவர்கள் பாராட்டுகிறார்கள். அதைக் கேட்டு இரண்டு வேலைகூட வந்தது. யாருடைய கவராயம் என்பதை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். காத்தமுத்து தன் தகட்டைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறானாம். ஹாஜியும் அந்த யூத வியாபாரியும் அதன் கீழே உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார்.

ஜொகூர்ப் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வரவேண்டாம். ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெரு, மூன்று எழுத்துப் பலகை. அதைவிடச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. தோட்டத்துக் கோயிலில் இருப்பதைப் பார்க்க முடியாது. அதன் மேல் சாமி இருக்கிறார். அது நல்லதுதான்.